துரைக்கு உடம்பு சரியில்லை

அப்பா,

நேற்று பள்ளி விட்டு நடந்து வரும்போது, சூலியா தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையின் பின்பக்கம் கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வாடை தெருவுக்கே வந்துவிட்டது. எனக்கு முன்னால் போன இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்தார்கள். நான் நின்றுவிட்டேன். சொறி பிடித்த நாய்க்குத் தடவ நீங்கள் காய்ச்சும் எண்ணெயின் வாடை அது. எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் உங்கள் விரலிடுக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குத் தலை பின்னி விடுவீர்கள்.

கடைக்குள் ஏறி ஒரு சிறிய டப்பா வேண்டும் என்றேன். யாருக்குத் தடவப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரர் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, "நாய்க்கா, ஆளுக்கா தங்கச்சி?" என்றார்.

நான் ஒரு படி பின்னால் நகர்ந்தேன்.

"சொல்லும்மா. நாய்க்குன்னா கந்தகம் தூக்கலாப் போடுவேன். ஆளுக்குன்னா கம்மி. மாத்திக் குடுத்தா தோலு வெந்து போயிரும் லா. அப்புறம் எங்கிட்டதான் சண்டைக்கு வருவீங்க."

ஒன்றும் வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. மருந்து சொல்கிற எவரும் முதலில் கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டார். நான் சென்னையில் படித்தபோது நீங்கள் எழுதிய கடைசி இரண்டு கடிதங்களுக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தபோது, அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. இரண்டு பதில்களையும் தப்பாக எழுதினேன். அதில் இரண்டாவது பதிலை எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்றுதான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடியாது. அதனால் இதை எழுதுகிறேன். உங்களுக்கு வாசித்துக் காட்ட எப்போதும் ஓர் ஆள் வேண்டும். இந்த முறை அந்த ஆளும் இல்லை.

பினாங்கு நார்தாம் ரோட்டில் கடலைப் பார்த்திருந்த பங்களாவில் நீங்கள் நாய்க்காரர். சமையல் குசினிக்கு ஹைலாம் சீனர் ஒருவர், காருக்கு மலாய்க்காரர் ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர், நாய்களுக்கு நீங்கள். பங்களாவின் சீன முதலாளியை எல்லாரும் தவுக்கே என்போம். அவரிடம் எப்போதும் ஐந்தாறு நாய்கள் இருந்தன. பின்பக்கம் கார் கொட்டகைக்கு மேலே, பதினாலு மரப்படி ஏறினால் நம் அறை. அம்மா போன பிறகு அந்த அறையில் நீங்களும் நானும்தான். சன்னலைத் திறந்தால் கீழே நாய்க்கூடு. என் காலைப் பொழுதுகள் எல்லாம் அந்தச் சன்னலில்தான் விடிந்தன.

சோறு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நாயையும் தலையிலிருந்து வால் வரை பார்த்துவிடுவீர்கள். காதைத் தூக்கி முகர்வீர்கள். உதட்டை விலக்கி ஈற்றை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பீர்கள். கீழிமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பார்ப்பீர்கள். விரலிடுக்கில் உண்ணி இருந்தால் கிள்ளி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவீர்கள். நேற்றைய தண்ணீரைக் கொட்டி, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஆறவைத்த தண்ணீர் ஊற்றுவீர்கள். சாக்குகளை உதறி வெயிலில் போடுவீர்கள். கூட்டுத் தரையில் கிடப்பதை எல்லாம் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டு போய் வாழைக்கடியில் புதைப்பீர்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சோறு.

"தின்ன பொறவு எல்லா நாயும் நல்ல நாய்தான். பசியில இருக்கும்போது பாத்தாத்தான் நோவு தெரியும்" என்று ஒருமுறை சொன்னீர்கள். என்னிடம் சொல்லவில்லை. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த நானாவிடம் சொன்னீர்கள்.

நானா எதிர்ச்சந்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், அண்ணன் என்ற பொருளில் எல்லாருக்கும் நானா. நமக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவதும், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவதும் அவர்தான். தினமும் கடை திறக்குமுன் வேலியோரம் வந்து உங்களைச் சீண்டாமல் போகமாட்டார்.

"என்னப்பா, தொரைமாருக்கெல்லாம் பல்லு வெளக்கியாச்சா?"

"ஆச்சு நானா. நீங்க வெளக்கிட்டீங்களா?"

"நான் மனுசன்தானே, எனக்கு யாரு வெளக்கி விடுறா."

குசினிக்காரருடன் உங்களுக்கு ஓயாத சண்டை. அவர் மிச்சக் கோழி எலும்பை நாய்ச் சோற்றில் போட்டுவிடுவார். "துலாங் ஆயாம் தா போலே! தொண்டையில குத்தி மாத்தி லா, மாத்தி!" என்று, கோழி எலும்பு கூடாது, நாய் செத்துப்போகும் என்பதை நீங்கள் மலாயில் கத்தி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகிக் காட்டுவீர்கள். நாய்தான் இங்கே தவுக்கே, நீ கூலி என்று அவர் சிரிப்பார். நீங்கள் கோபிக்காமல் உட்கார்ந்து எலும்பு ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுப்பீர்கள்.

கூட்டுக்குள் நுழையுமுன் நீங்கள் செருப்பைக் கழற்றிவிடுவீர்கள். கோயில் வாசலில் கழற்றுவது போல, ஓரமாக, ஜோடி சேர்த்து. தெருவில் எத்தனையோ ஊர் நாய் நடக்கிறது, அதன் நோவை மிதித்து உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது உங்கள் கட்டளை. டிரைவர் ஒருநாள் பூட்ஸோடு உள்ளே வந்தபோது அவரைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினீர்கள். மழை நாளில் கணுக்கால் வரை சேறாக இருந்தாலும் நீங்கள் வெறுங்காலோடுதான் உள்ளே நின்றீர்கள். பக்கத்துப் பங்களாக்களில் குட்டிகள் சளி பிடித்துக் கொத்துக் கொத்தாகச் செத்தபோதும் உங்கள் கூட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. தவுக்கே அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

நாய்களில் துரை தனி. ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன நாய். பழுப்பு நிறம், தொங்கும் காது, எதிலும் விருப்பமில்லாத ஒரு முகம். வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து வந்ததால் துரை என்று பெயர் வைத்தீர்கள். பெயர் வைத்த பிறகு, மரியாதை இல்லாமல் கூப்பிட உங்களுக்கு மனம் வரவில்லை. "தொரை, எந்திரிங்க. காதக் காட்டுங்க. இந்தப் பக்கம்" என்பீர்கள். அவரும் காட்டுவார்.

எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தபோது நீங்கள் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. படிக்குக் கீழே நின்றுகொண்டு, "நீ வந்து வச்சாத்தான் திம்பேன்னு தொரை அடம் புடிக்கிறாரு. பாவம், கெழவரு" என்றீர்கள். நான் எழுந்து இறங்கி வந்தேன். துரைக்கு ஒரு தட்டு வைத்திருந்தீர்கள். பக்கத்தில், வாழையிலையில் எனக்குக் கஞ்சி.

நமக்குள் பேச்சு அப்படித்தான். உங்களுக்கு வந்த தலைவலி துரையின் பெயரில் வரும். எனக்குப் புதுப் பாவாடை வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட, துரைக்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கப் போவதாக ஆரம்பிப்பீர்கள். அதை நான் ஒருபோதும் புதிர் என்று நினைத்ததில்லை. அது நம் வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான்.

அதைப் பேச மறந்தது எப்போது என்று யோசித்தால் பள்ளி வாசல்தான் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. திடீரென்று மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். வாய்க்கூடு மாட்டிய இரண்டு நாய்களை ஒரு கையிலும் என் குடையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நீங்கள் வந்து நின்றீர்கள். "ஏய், ஒன் நாய்க்காரன் வந்திருக்கான்" என்று ஒருத்தி சொன்னாள். எங்கப்பா என்று நான் சொல்லவில்லை. கேட்காதவள்போல் உள்ளே போய்விட்டேன். மழை விட்டதும் வெளியே வந்தேன். குடை வாசல் கம்பியில் மாட்டியிருந்தது. அன்று மாலை நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. துரைகூட எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் பள்ளி வாசலுக்கு வந்ததில்லை. வரவேண்டி வந்தால் எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்று, நான் உங்களைப் பார்த்து வரும்வரை காத்திருந்தீர்கள்.

பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ அம்மாமார் எனக்கு உபகாரச் சம்பளம் வாங்கிக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தபோது, நீங்கள் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கப்பலடியில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். "தொரைக்கு நீ இல்லாம முடியாது. ஆனா பழகிக்குவாரு" என்றீர்கள். முதல் மாதம் வந்த கடிதத்தில், "துரை நாலு நாளாகப் படிக்குக் கீழேயே படுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறார்" என்று நானாவின் கையெழுத்தில் இருந்தது. விடுதி மாடியில் நின்று அதை வாசித்து நான் அழுதேன். அப்போது எனக்குப் புரிந்தது, அப்பா. அந்த வருஷம் வரை எனக்குப் புரிந்தது.

பிறகு நான் பிராணி சாஸ்திரம் எடுத்துப் படித்தேன். உங்களுக்கு அதில் அளவில்லாத சந்தோஷம். "நாய்க்காரன் மவ நாயைப் படிக்கிறா" என்று நானாவிடம் சொல்லிச் சிரித்ததாக எழுதியிருந்தது. தவளையை அறுத்தேன், புறாவை அறுத்தேன். ஒவ்வொரு புழுவையும் பூச்சியையும் ஏட்டில் வரைந்து, கோடு இழுத்துப் பெயர் எழுதினேன். கொக்கிப்புழுவின் வாயை நான் வரைந்த படத்தை வகுப்பு முழுவதும் காட்டினார்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோல் வழியாக அது உள்ளே போகும், குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதும்போது யாருடைய காலும் என் நினைவுக்கு வரவில்லை.

கடைசி வருஷத்தில் அந்தக் கடிதம் வந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது.

"மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். துரைக்கு மட்டும் உடம்பு சரியில்லை. இமை உள்பக்கம் வெளுத்திருக்கிறது. ஈறும் வெளுப்பு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மண் தின்னவேண்டும்போல் இருக்கிறது. உன் புத்தகத்தில் இதற்கு என்ன போட்டிருக்கிறது என்று எழுதவும்."

அப்பா, துரை எந்தப் படி ஏறினார்? அவர் வாழ்நாளில் நம் அறைக்கு ஏறியதில்லை. செங்குத்தான மரப்படி அது. எந்த நாயும் ஏறாது. மண் தின்னவேண்டும்போல் இருக்கிறது என்று எந்த நாய் உங்களிடம் சொன்னது? நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். சன்னலில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணிடம் கடிதத்தைக் கொடுத்திருந்தால் அவள் உடனே கேட்டிருப்பாள். நான் படித்தவள். நாய் என்றால் நாய் என்றுதான் வாசித்தேன்.

உடனே பதில் எழுதினேன். வயிற்றில் புழு இருக்கும் என்று எழுதினேன். அதுவரை சரி. நீங்களே நாய்களுக்குக் கொடுப்பதுபோல் பாக்குத்தூளை நெய்யில் உருட்டி வெறும் வயிற்றில் கொடுங்கள், ஈரல் வேகவைத்துக் கொடுங்கள் என்று எழுதினேன். அளவையும் எழுதினேன். நாயின் எடைக்கு அளவு.

ஒன்றரை மாதம் கழித்து அடுத்த கடிதம். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது.

"நீ சொன்னபடி கொடுத்தது. அன்று முழுவதும் வாந்தி, தலைசுற்றல். பிறகு இரண்டு நாள் தேவலை. இப்போது பாதம் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி விழுகிறது. டாக்டரிடம் காட்டலாமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்யலாம். நன்றாகப் பரீட்சை எழுதவும்."

டாக்டர் என்றுதான் இருந்தது. மிருக டாக்டர் என்று நானே படித்துக்கொண்டேன். தவுக்கேயைக் கேட்காமல் நீங்கள் டாக்டரைக் கூப்பிட்டால் வீண் பேச்சு வருமே என்றுகூட ஒரு கவலை எனக்கு. ஒரு கையில் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலை எழுதி முடித்தேன். நான்கே வரி. எனக்கு மனப்பாடம்.

"துரைக்கு வயதாகிவிட்டது. இந்த வயதில் இதெல்லாம் இயற்கை. டாக்டர் வேண்டாம், மேலும் மருந்து கொடுத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம். நிழலில் படுக்க வையுங்கள், அமைதியாகப் போகட்டும்."

உங்களைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. இங்கு யாவரும் நலம் என்று எழுதியிருந்தீர்களே, அதை நம்பினேன். அந்த அறையில் உங்களைத் தவிர யாவர் இருந்தார்கள் என்று யோசிக்கவில்லை.

பரீட்சை எழுதினேன். தேறினேன். கப்பலேறினேன். பினாங்குக் கரை தெரியும் முன்பே எங்களை ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் ஏதும் கொண்டு வருகிறோமா என்று பார்த்தார்கள். வரிசையில் நின்றபோது டாக்டர் என் கீழிமையை விரலால் இழுத்து உள்பக்கம் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காதக் காட்டுங்க" என்று அடுத்துச் சொல்வாரோ என்று இருந்தது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே கரைக்கு வந்தேன். துரையின் பெயரில் இல்லாமல், என் பெயரிலேயே சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கப்பலடியில் நானா நின்றார். தனியாக நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்கே?"

"வா புள்ள. மொதல்ல ரிக்‌ஷாவுல ஏறு."

"தொரைக்கு ரொம்ப முடியலையா? அதான் வரலையா?"

நானா என்னைப் பார்த்த பார்வையை நான் என்றும் மறக்கமாட்டேன். "எந்தத் தொரை?" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "தொரை செத்து ரெண்டு வருசம் ஆச்சேம்மா. அந்த வருசம் ஒனக்குப் பரீட்சைன்னு சொல்ல வேணாம்னுட்டாரு. பொறவு சொல்ல வாயி வரல. கடுதாசியில மட்டும் வச்சு வளத்துக்கிட்டிருந்தாரு."

ரிக்‌ஷாவுக்குள் உட்கார்ந்துதான் மிச்சத்தைக் கேட்டேன். நான் கப்பலேறுவதற்கு முந்தின வாரமே நீங்கள் போய்விட்டீர்கள். கடைசியில் நானாவும் டிரைவரும் உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். குடலில் கொக்கிப்புழு, உடம்பில் இரத்தமே இல்லை, இதயம் தாங்கவில்லை, இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் மருந்து இருக்கிறது என்று அங்கே சொன்னார்களாம். இரண்டு மாதம் முன்னால்தான் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்.

"நேரா எழுதுவோம்பான்னு சொன்னேன் புள்ள. தலையில அடிச்சுச் சொன்னேன். 'படிக்கிற புள்ள பதறும், தொரைன்னே போடுங்க நானா, மருந்து ஒண்ணுதானே'ன்னாரு. எழுதுன கை இதுதான்." அவர் தன் வலது கையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தார். "ஒன் பதில் வந்தப்ப நான் சண்டை போட்டேன். டாக்டர்ட்ட வாப்பான்னேன். 'படிச்ச புள்ள வேணாங்குது, அதுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியும்'னு என்னயக் கேக்குறாரு. பொறவு படி ஏற முடியாம, கொட்டகைக்கிட்ட மரத்து நெழல்ல பாயைப் போட்டுக்கிட்டாரு."

நிழலில்.

"நானா, என் கடுதாசியைப் பூராவும் படிச்சுக் காட்டினீங்களா?"

"படிச்சேன்."

"கடைசி வரியையும்?"

ரிக்‌ஷா திரும்பியது. "இல்ல புள்ள. அத நான் படிக்கல. எனக்குக் கண்ணு சரியா தெரியலன்னு மடிச்சு வச்சுட்டேன்" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அப்பா. இரண்டு வருஷம் செத்த நாயை உயிரோடு எழுதத் தெரிந்தவர் அவர். எனக்காக ஒரு வரியை மறைக்கவும் தெரியும். போன வருஷம் அவரும் ஊரோடு போய்விட்டார். அவர் கப்பலேறும்போது இன்னொருமுறை கேட்கலாம் என்று வாய் திறந்து, கேட்காமல் விட்டேன். நீங்கள் அந்த வரியைக் கேட்டிருந்தால், அந்தப் பாயில் படுத்துக்கொண்டு, மகள் நம்மைப் போகச் சொல்கிறாள் என்று நினைத்தீர்களா? இல்லை, அவளுக்குத் தெரியாது, துரையைத்தான் சொல்கிறாள் என்று சிரித்தீர்களா? எத்தனையோ காலையில் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் விழிக்கிறேன்.

தவுக்கே வீட்டில் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஒருமுறை போனேன். கூட்டுத் தரைக்குச் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். அந்த ஆள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார்.

நான் இப்போது பெண்கள் பள்ளியில் கற்பிக்கிறேன். மற்ற ஆசிரியைகள் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவார்கள், விசேஷங்களில் உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் வராது. வாசல்படியில் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேன். போன மாதம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நீங்க நாய்ப் படிப்பெல்லாம் படிச்சிருக்கீங்களாமே. எங்க வீட்டுப் பூனைக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர். சாப்பிடவே மாட்டேங்குது. படுத்தே கெடக்கு" என்றாள்.

வகுப்பில் வைத்தே மருந்து சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "ஒன் வீட்டுக்குப் போவோம்" என்றேன். அவள் மிரண்டுபோனாள்.

சுங்கை பினாங்கில், சலவைத் துணி காயும் ஒரு பலகை வீடு. பூனை உண்மையிலேயே பூனைதான். சாம்பல் நிறம், ஒல்லி. பசியோடு இருந்தது, அதனால் பார்க்க வசதியாக இருந்தது. காது, ஈறு, வயிறு எல்லாம் பார்த்தேன். வயிறு உப்பியிருந்தது. சட்டியில் மூன்று நாள் தண்ணீர். மீன் முள் சேர்ந்த சோறு. அந்தப் பெண்ணின் அம்மா துணியைப் பிழிந்த கையோடு வந்து நின்று, "ஐயோ, ஒரு பூனைக்குப் போயி டீச்சரை இழுத்துக்கிட்டு வந்திருக்கு பாருங்க இந்தக் கழுதை" என்று வெட்கப்பட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், முள்ளை எடுத்துவிட்டு வைக்க வேண்டும், படுக்கும் சாக்கை வெயிலில் போட வேண்டும், புழுவுக்கு மிருக டாக்டரிடம்தான் மருந்து வாங்க வேண்டும், வீட்டில் நீங்களாக எதுவும் கொடுக்கக் கூடாது. பிள்ளை எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக்கொண்டாள்.

அதோடு என் வேலை முடிந்தது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். நான் அங்கே கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா மகளைப் பார்த்தார், மகள் அம்மாவைப் பார்த்தாள். கோப்பி கலக்கட்டுமா டீச்சர் என்றார். வேண்டாம் என்றேன். பூனை இறங்கிப் போய், எங்கள் மூன்று பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆன பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா?"

அவர் சிரித்தார். இப்படி ஒரு கேள்வியா என்பதுபோல் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். "எனக்கென்ன டீச்சர், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து வந்துவிடவில்லை, அப்பா. "சரிம்மா, இப்படி உக்காருங்க" என்று இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.